‘எக்ஸ்பேண்ட்’ என்னும் வினைச்சொல்: நீலகிரியில் ஆங்கிலம் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரி மாவட்டத்தில் தங்கும் விடுதி நடத்துபவர்களும், தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் எழுத்துப் பணி பார்ப்பவர்களும், சுற்றுலா வழிகாட்டிகளும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களும் நாள்தோறும் ஆங்கிலத்தில் ஏதேனும் எழுத வேண்டியிருக்கிறது. ஒன்று பெரிதாகிறது, வளர்கிறது, விரிகிறது என்று சொல்ல நேரும் இடமெல்லாம் அவர்களுக்கு ‘எக்ஸ்பேண்ட்’ என்ற வினைச்சொல்லே முதலில் கைக்கு வருகிறது. நல்ல சொல்தான்; ஆயினும் அது வர வேண்டிய இடங்களும் வரக் கூடாத இடங்களும் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தப் பிரிவை அறியாமல் எழுதப்படும் கடிதத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாவிட்டாலும், படிப்பவருக்கு ஏதோ இடறுகிறது.

இடறலின் வேர் ‘விரிவாக்கம்’ என்ற நம் தமிழ்ச் சொல்லின் தாராள குணத்தில் இருக்கிறது. சாலையை அகலப்படுத்தினாலும் சாலை விரிவாக்கம் என்கிறோம். பேருந்து நிலையத்தில் கூடுதல் நடைமேடைகள் கட்டினாலும் விரிவாக்கம் என்கிறோம். உழவர்களிடம் புதிய சாகுபடி முறைகளைக் கொண்டுசேர்க்கும் பணிக்கு வேளாண் விரிவாக்கம் என்று பெயர். பெயருக்கு முன்னால் உள்ள தலைப்பெழுத்தை முழுமையாக எழுதுவதும் விரிவாக்கமே. ஆங்கிலத்திலோ இந்த நான்கில் இரண்டுக்கு மட்டுமே ‘எக்ஸ்பேண்ட்’ பொருந்தும். சாலைக்கு ‘வைடன்’, வேளாண்மைக்கு ‘எக்ஸ்டென்ஷன்’. ஆகவே தமிழில் நினைத்து, ‘விரிவாக்கம்’ என்ற சொல் நாவுக்கு வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்ப்பவர் பாதி இடங்களில் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. கீழே உள்ள படிகள் அந்த வழுக்கலைத் தவிர்ப்பதற்காகவே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

முதற்படி: சொல்லின் உருவத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்

எழுத்துகள் ஈ, எக்ஸ், பி, ஏ, என், டி. ஒலிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில், அதாவது ‘பேண்ட்’ என்ற பகுதியில் விழ வேண்டும். இது ஒழுங்கான வினைச்சொல் ஆதலால் இறந்தகாலமும் முடிவுற்ற வடிவமும் ‘எக்ஸ்பேண்டெட்’ என்றே அமையும். ஈற்றில் உள்ள ‘டெட்’ தனி அசையாக ஒலிக்கும். பெயர்ச்சொல்லாக மாறும்போது கடைசி ‘டி’ மறைந்து ‘எஸ்’ தோன்றி ‘எக்ஸ்பேன்ஷன்’ ஆகிறது. பரந்த வெளியைக் குறிக்கும் ‘எக்ஸ்பேன்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் இதே குடும்பம்தான். உதகையைத் தாண்டிச் சென்றால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை விரியும் புல்வெளியை அச்சொல்லால் குறிப்பிடலாம்.

குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘எக்ஸ்பேன்சிவ்’ என்றால் பரந்து விரிந்தது, சிலவேளை மனம் திறந்து பேசும் இயல்புடையவர். ‘எக்ஸ்பென்சிவ்’ என்றால் விலை அதிகமானது. நடுவே உள்ள எழுத்து ‘ஏ’ என்பதா ‘ஈ’ என்பதா என்ற ஒரு வேறுபாடுதான். தன் விடுதியின் விளம்பரத்தில் பரந்த தோட்டம் என்று எழுத நினைத்தவர் அந்த ஓர் எழுத்தை மாற்றினால், விலை கூடிய தோட்டம் என்று விருந்தினர் படித்துக்கொள்வார்.

இரண்டாம் படி: விரிந்ததா, விரித்தார்களா என்று கேளுங்கள்

தமிழருக்கு இந்தச் சொல்லைக் கற்பதில் ஒரு வசதியும் ஒரு தடையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் வெவ்வேறு வடிவங்கள் உண்டு. பூ விரிந்தது, மயில் தோகையை விரித்தது. தொழில் விரிவடைந்தது, முதலாளி தொழிலை விரிவாக்கினார். ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பேண்ட்’ என்ற ஒரே வடிவம் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ‘தி ஃபேக்டரி எக்ஸ்பேண்டெட்’ என்றால் தொழிற்சாலை விரிவடைந்தது. ‘தி ஓனர் எக்ஸ்பேண்டெட் தி ஃபேக்டரி’ என்றால் உரிமையாளர் தொழிற்சாலையை விரிவாக்கினார். வினை மாறவில்லை, பின்னால் செயப்படுபொருள் வந்ததா இல்லையா என்பதே பொருளை முடிவு செய்கிறது.

இதை அறியாதவர்கள், ‘விரிவடைந்தது’ என்பதில் உள்ள ‘அடைந்தது’ என்ற பகுதிக்கு ஈடாக ஆங்கிலத்திலும் ஏதோ ஒன்று வேண்டும் என்று எண்ணி, ‘தி ரெயில் காட் எக்ஸ்பேண்டெட் டியூ டு ஹீட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ‘காட்’ தேவையே இல்லை. ‘தி ரெயில் எக்ஸ்பேண்டெட் இன் தி ஹீட்’ என்பதே இயல்பான வாக்கியம். ‘வாஸ் எக்ஸ்பேண்டெட்’ என்ற செயப்பாட்டு வடிவத்தை, யாரோ ஒருவர் திட்டமிட்டு விரிவாக்கிய இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். அரசு முதுமலைச் சரணாலயத்தின் பரப்பை விரிவாக்கியது என்பது அப்படிப்பட்ட இடம். வெயிலில் தண்டவாளம் நீள்வது அப்படிப்பட்ட இடம் அன்று.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. முதலில் தமிழில் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘விரிந்தது’, ‘விரிவடைந்தது’ என்று முடிந்தால் ஆங்கிலத்தில் வெறும் வினை. ‘விரித்தார்’, ‘விரிவாக்கினார்’ என்று முடிந்தால் வினைக்குப் பின் ஒரு பொருளின் பெயர். ‘விரிவாக்கப்பட்டது’ என்று முடிந்தால் மட்டும் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இங்கே ஆங்கில இலக்கண நூலின் தேவையே எழுவதில்லை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: அடிப்படைப் பொருளைப் பொருள்களில் பாருங்கள்

இச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘வெளியே’ என்ற பொருள் தரும் முன்னொட்டும், ‘விரித்தல்’ என்ற பொருள் தரும் வினையும் அதில் சேர்ந்துள்ளன. உள்ளே இருப்பது வெளிநோக்கி விரிகிறது, ஏற்கெனவே உள்ள ஒன்று தன் இடத்தை மிகுதியாக்கிக்கொள்கிறது என்பதே அடிப்படை. அறிவியலில் இப்பொருள் கலப்பில்லாமல் நிற்கிறது. சூடேறும்போது உலோகம் விரிவடைகிறது. அதற்கு எதிர்ச்சொல் ‘கான்ட்ராக்ட்’, அதாவது சுருங்குதல். பத்து மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம் 25 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். தண்டவாளத் துண்டுகளின் இணைப்பில் விடப்படும் சிறு இடைவெளிக்கு ‘எக்ஸ்பேன்ஷன் கேப்’ என்று பெயர் வந்தது இதனால்தான்.

நீர் இதில் ஒரு விதிவிலக்கு. உறையும்போது சுருங்காமல் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு விரிவடைகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இரவில், நிரம்பத் தண்ணீர் ஊற்றி மூடிய கண்ணாடிப் பாட்டிலை உதகையில் வெளியே வைத்தால் அது விரிசல் விடக்கூடும். இதை ஆங்கிலத்தில் ‘வாட்டர் எக்ஸ்பேண்ட்ஸ் வென் இட் ஃப்ரீசஸ்’ என்று எழுத வேண்டும். பொது உண்மையைக் கூறும் வாக்கியம் என்பதால் நிகழ்காலமும், நீர் ஒருமை என்பதால் ஈற்றில் ‘எஸ்’ எழுத்தும் வருகின்றன.

மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வழிகாட்டியிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றும் இங்கே உதவும். மேட்டுப்பாளையத்தில் வாங்கும்போது சாதாரணமாக இருந்த சிப்ஸ் பாக்கெட் உதகைக்கு வந்து சேரும்போது உப்பிப்போய் நிற்பது ஏன்? உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவே இருப்பதால், பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிவடைந்து உறையை வெளியே தள்ளுகிறது. பதிலை ஆங்கிலத்தில் சொல்லும்போது இரண்டு வினைகளைப் பிரித்துப் பயன்படுத்துங்கள்: ‘தி ஏர் இன்சைட் எக்ஸ்பேண்ட்ஸ், சோ தி பாக்கெட் ஸ்வெல்ஸ்.’ காற்று விரிவடைகிறது, பாக்கெட் உப்புகிறது. உள்ளிருந்து தள்ளப்பட்டு வெளித்தோற்றம் பருப்பதற்கு ‘ஸ்வெல்’ பொருத்தமான சொல். அடிபட்ட கால் வீங்குவதற்கும் அதே சொல்தான் என்பதை நினைவில் வைத்தால் ‘மை லெக் எக்ஸ்பேண்டெட்’ என்று மருத்துவரிடம் சொல்ல நேராது.

நான்காம் படி: அளவைச் சொல்லும் சிறு சொற்களைப் பொருத்துங்கள்

கடிதங்களில் பெரும்பாலும் பிழைப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். எவ்வளவு விரிந்தது என்று கூறும்போது ‘ஃப்ரம்’, ‘டு’, ‘பை’ ஆகிய மூன்றும் வருகின்றன. முதுமலைச் சரணாலயம் 1940ஆம் ஆண்டு ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு அதன் பரப்பு 295 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. பின்னர் அது 321 சதுர கிலோமீட்டரானது. நடுவில் உள்ள செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால், ‘இட் வாஸ் எக்ஸ்பேண்டெட் ஃப்ரம் 60 டு 295 ஸ்குவேர் கிலோமீட்டர்ஸ்’ என்று வரும். தொடங்கிய அளவுக்கு ‘ஃப்ரம்’, சென்று சேர்ந்த அளவுக்கு ‘டு’.

கூடிய அளவை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘பை’ வரும்: ‘இட் வாஸ் எக்ஸ்பேண்டெட் பை 235 ஸ்குவேர் கிலோமீட்டர்ஸ்.’ இங்கே ‘டு’ என்று எழுதினால் மொத்தப் பரப்பே 235 என்று பொருள்படும். ஏறக்குறைய 60 சதுர கிலோமீட்டர் காடு காகிதத்தில் காணாமல் போகும். விடுதி உரிமையாளர் ஒருவர் மூன்று அறைகளை ஐந்தாக்க விரும்பினால் ‘டு ஃபைவ் ரூம்ஸ்’ என்றோ ‘பை டூ ரூம்ஸ்’ என்றோ எழுதலாம். இரண்டும் ஒரே செய்தி. ‘பை ஃபைவ்’ என்று எழுதினால் எட்டு அறைகளுக்கான வரைபடத்தை வங்கி கேட்கும்.

‘இன்டு’ என்ற இணைப்புச் சொல் அளவைச் சுட்டுவதில்லை. புதிய துறைக்குள் அல்லது புதிய சந்தைக்குள் நுழைவதைச் சுட்டுகிறது. இதுவரை சிடிசி தேயிலை (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்யும் குருணைத் தேயிலை) மட்டும் தயாரித்த தொழிற்சாலை இப்போது ஆர்தடாக்ஸ் தேயிலையும் (இலையை உருட்டிச் செய்யும் பழைய முறைத் தேயிலை) தயாரிக்கத் தொடங்கினால் ‘தி ஃபேக்டரி ஹேஸ் எக்ஸ்பேண்டெட் இன்டு ஆர்தடாக்ஸ் டீ’ எனலாம். பழையதை விட்டுவிட்டார்கள் என்ற பொருள் இதில் இல்லை. பழையதை வைத்துக்கொண்டே புதியதில் கால் வைத்தார்கள் என்ற பொருள்தான் உண்டு. முழுவதும் மாறிவிட்டார்கள் என்றால் ‘ஸ்விட்ச்ட் டு’ என்று வேறு வினைக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: நீளுவதை விரிவதிலிருந்து பிரியுங்கள்

‘எக்ஸ்பேண்ட்’ சொல்லின் அருகிலேயே, பார்ப்பதற்கு உடன்பிறந்தது போல் நிற்பது ‘எக்ஸ்டெண்ட்’. இதுவும் இலத்தீன் வழி வந்ததே. ஆனால் இதனுள் இருக்கும் வினை ‘இழுத்து நீட்டுதல்’ என்ற பொருளுடையது. ஆகவே ஒரு கோட்டில் நீளுவதற்கும், காலத்தில் நீளுவதற்கும் இதுவே உரியது.

நம் மலை ரயிலைக் காட்டிலும் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. 1899ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1908ஆம் ஆண்டு அந்தப் பாதை உதகை வரை கொண்டுசெல்லப்பட்டது. ‘தி லைன் வாஸ் எக்ஸ்டெண்டெட் டு ஊட்டி இன் 1908’ என்பதே சரி. பாதை அகலமாகவில்லை, பருக்கவில்லை, முனை நீண்டது. மாறாக, ரயில்வே நிர்வாகம் பெட்டிகளையும் ஊழியர்களையும் நிலைய வசதிகளையும் ஒருசேரப் பெருக்கினால் அது ‘எக்ஸ்பேன்ஷன்’ ஆகும்.

இதே ரயிலுக்கு இன்னொரு நீட்டிப்பும் உண்டு. டார்ஜிலிங் மலை ரயில் 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு நீலகிரி மலை ரயில் தனிப் பதிவாக நுழையவில்லை. டார்ஜிலிங் பதிவின் நீட்டிப்பாக, அதாவது ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற பெயரிலேயே சேர்ந்தது. 2008ஆம் ஆண்டு கால்கா–சிம்லா ரயிலும் அதே முறையில் இணைந்தது. உதகைக்கும் டார்ஜிலிங்குக்கும் இடையே தண்டவாளம் ஏதும் கிடையாது. ஆயினும் ஒரு தகுதி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கும் பொருந்துமாறு நீட்டப்படுவதால் இச்சொல் வந்தது. சலுகை, உரிமை, விதி ஆகியவை மேலும் சிலருக்குப் பொருந்துமாறு செய்யப்படும்போதும் ‘எக்ஸ்டெண்டெட் டு’ என்பதே வழக்கு.

காலம் பற்றியது என்றால் ஐயத்துக்கே இடமில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கான இ-பாஸ் முறை, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024ஆம் ஆண்டு மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஜூன் 30 வரை என்று இருந்தது பின்னர் நீட்டிக்கப்பட்டது. ‘தி இ-பாஸ் சிஸ்டம் வாஸ் எக்ஸ்டெண்டெட்’ என்று எழுத வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி, விடுப்பு, கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம், அறை முன்பதிவில் கூடுதலாக ஓர் இரவு எல்லாமே ‘எக்ஸ்டெண்ட்’ சொல்லுக்குரியவை. விருந்தினர் ‘கேன் வீ எக்ஸ்டெண்ட் அவர் ஸ்டே?’ என்று கேட்பார். ‘எக்ஸ்பேண்ட் அவர் ஸ்டே’ என்று கேட்கமாட்டார். தமிழில் ‘நீட்டிப்பு’ என்ற சொல் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டெண்ட்’. இந்தச் சோதனை அனேகமாகப் பொய்ப்பதில்லை. வேளாண் விரிவாக்கம் மட்டும் இதற்கு அடங்காது. அதைத் தனியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டு சொற்களும் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புகும் இடங்களும் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் கூடுதல் அறை கட்டினால் ‘எக்ஸ்டெண்ட் தி ஹவுஸ்’ என்பதே பெருவழக்கு. கட்டிய பகுதிக்கு ‘எக்ஸ்டென்ஷன்’ என்று பெயர். அதே வீட்டில் நடக்கும் விடுதித் தொழிலோ ‘எக்ஸ்பேண்ட்’ ஆகிறது. கட்டடம் நீள்கிறது, தொழில் விரிகிறது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

ஆறாம் படி: மற்ற அண்டை வீட்டார்

இவற்றை விரைந்து கடந்துவிடலாம். அகலம் மட்டும் கூடினால் ‘வைடன்’: மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் வளைவுகளில் நடக்கும் பணிக்கு இதுவே உரியது. புகைப்படத்தையோ நகலையோ பெரிதாக்கினால் ‘என்லார்ஜ்’. எண்ணிக்கையும் தொகையும் கூடினால் ‘இன்க்ரீஸ்’. பச்சைத்தேயிலைக்குக் கிடைக்கும் விலை கூட வேண்டும் என்று சிறு விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கை மனுவை ஆங்கிலத்தில் எழுதுபவர் ‘எக்ஸ்பேண்ட் தி பிரைஸ்’ என்று எழுதிவிடக் கூடாது. விலை விரிவதில்லை, ஏறுகிறது அல்லது கூடுகிறது.

‘ஸ்ப்ரெட்’ சற்று விளக்கம் வேண்டும் சொல். ஒரு மையத்திலிருந்து பல இடங்களுக்குத் தொற்றிக்கொண்டு, தடுப்பார் இல்லாமல் போவது அது. முதுமலைக் காட்டில் உண்ணிச்செடி பரவுகிறது, கோடையில் காட்டுத்தீ பரவுகிறது, வதந்தியும் பரவுகிறது. ‘லான்டானா ஹேஸ் ஸ்ப்ரெட் த்ரூ தி ஃபாரஸ்ட்’ என்று எழுதுங்கள். இங்கே ‘எக்ஸ்பேண்ட்’ போட்டால் ஒரே செடி காடளவு பருத்துவிட்டது என்ற விபரீதத் தோற்றம் கிடைக்கும். இந்த வினைக்கு இறந்தகாலத்திலும் ‘ஸ்ப்ரெட்’ என்பதே வடிவம். ‘ஸ்ப்ரெட்டெட்’ என்று ஒன்று கிடையாது.

எதிர்ச்சொல்லிலும் தேர்வு இருக்கிறது. உலோகமும் காற்றும் சுருங்கினால் ‘கான்ட்ராக்ட்’. ஏரி சுருங்கினால் ‘ஷ்ரிங்க்’. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்ட உதகை ஏரி, இன்று பேருந்து நிலையம் உள்ள பகுதியும் பின்னாளில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த பகுதியும் வரை நீண்டிருந்தது. ‘தி லேக் ஒன்ஸ் எக்ஸ்டெண்டெட் அஸ் ஃபார் அஸ் தி ரேஸ் கோர்ஸ், பட் இட் ஹேஸ் ஷ்ரங்க் சின்ஸ் தென்’ என்ற வாக்கியத்தை உதகையில் பணிபுரியும் வழிகாட்டிகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பேச்சையும் பெயரையும் விரிப்பது

இதுவரை கண்ணால் காணும் பொருள்கள். இனி சொற்கள். ஒருவர் சுருக்கமாகக் கூறியதைக் கூடுதல் விவரத்துடன் கூறுவதற்கு ‘எக்ஸ்பேண்ட் ஆன்’ என்று பெயர். நேர்முகத் தேர்வில் ‘குட் யூ எக்ஸ்பேண்ட் ஆன் தட்?’ என்று கேட்டால், நீங்கள் சொன்னது போதவில்லை, விவரம் வேண்டும் என்று பொருள். சொன்னதையே உரத்த குரலில் மறுபடி சொல்வது இதற்கு விடை ஆகாது. தேயிலைத் தொழிற்சாலையில் தர மேற்பார்வைப் பணி பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், கொழுந்து வந்து இறங்குவது முதல் தேயிலை ரகம் பிரிக்கப்படுவது வரை எந்தக் கட்டத்தில் என்ன பார்த்தீர்கள் என்று விரித்துக் கூற வேண்டும்.

இங்கே ‘ஆன்’ விட்டுப்போகக் கூடாது. அதன் இடத்தில் ‘அபவுட்’ வரவும் கூடாது. ‘பற்றி’ என்ற தமிழ்ச் சொல் நம்மை ‘எக்ஸ்பேண்ட் அபவுட்’ என்று எழுதத் தூண்டும். ‘எக்ஸ்ப்ளெயின் அபவுட்’ என்று பலர் எழுதுவதும் அதே தூண்டலால்தான். ‘எக்ஸ்ப்ளெயின்’ சொல்லுக்கு இணைப்பே வேண்டாம், ‘எக்ஸ்பேண்ட்’ சொல்லுக்கு ‘ஆன்’ மட்டும் வேண்டும். ஒரு நுட்பமும் உண்டு. ‘எக்ஸ்பேண்ட் தி எஸ்ஸே’ என்றால் கட்டுரையின் அளவைப் பெரிதாக்குவது. ‘எக்ஸ்பேண்ட் ஆன் தி ஐடியா’ என்றால் அந்தக் கருத்தைப் பற்றி மேலும் கூறுவது. ஆசிரியர் கட்டுரையின் ஓரத்தில் எழுதியிருப்பது இவற்றில் எது என்று பார்த்துவிட்டுத் திருத்தத் தொடங்குங்கள்.

கணிதத்தில் ‘எக்ஸ்பேண்ட்’ என்ற கட்டளை, அடைப்புக்குறியை நீக்கி உறுப்புகளை விரித்தெழுதச் சொல்கிறது. (20 + 3)² என்பதை விரித்தால் 400 + 120 + 9. அத்துடன் நிறுத்துவதே விரித்தல்; 529 என்று கூட்டுவது அடுத்த வேலை. இதன் எதிர்த்திசைக்குக் காரணிப்படுத்துதல் என்று பெயர். கணினித் திரையிலும் இதே பொருள்தான்: கோப்புறையின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் உள்ளிருப்பவை கீழே விரியும், மடக்குவதற்குரிய சொல் ‘கொலாப்ஸ்’.

சுருக்கப் பெயர்களை விரித்தெழுதச் சொல்லும்போது நம் பள்ளி வினாத்தாள்களில் ‘எக்ஸ்பேண்ட் தி ஃபாலோயிங் அப்ரிவியேஷன்ஸ்’ என்று வரும். வினாத்தாளுக்கு அது போதும். பேச்சில் ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் ‘என்எம்ஆர்’ என்பதன் விரிவைச் சொல்ல வேண்டுமானால் ‘என்எம்ஆர் ஸ்டாண்ட்ஸ் ஃபார் நீலகிரி மவுண்டன் ரெயில்வே’ என்பதே இயல்பு.

இனி, தமிழ்நாட்டுக்காரர் எவரையும் விடாத சிக்கல்: தலைப்பெழுத்து. தந்தையின் பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் இட்டு எழுதும் நம் வழக்கம் பல விண்ணப்பங்களில் செல்லாது. வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான (பான்) விண்ணப்பத்தில் ‘ஃபுல் எக்ஸ்பேண்டெட் நேம்’ என்று கேட்டு, தலைப்பெழுத்துகள் ஏற்கப்படா என்றும் குறித்திருக்கிறார்கள். இங்கே ‘எக்ஸ்பேண்டெட்’ என்பது விரித்தெழுதப்பட்ட என்ற பெயரடை. ‘கே. மாதன்’ என்று பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரில் ‘கே’ என்பது ‘காரி’ என்றால், அந்த முழுச் சொல்லையும் எழுத வேண்டும். இரண்டு தலைப்பெழுத்துகள் இருந்தால் இரண்டையும். எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுங்கள். ஓரிடத்தில் ஒரு ‘ஏ’, இன்னோரிடத்தில் இரண்டு ‘ஏ’ என்று போய்விட்டால், அதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கு நடக்கும் நடை, ஆங்கிலம் கற்பதைவிடக் கடினமானது.

எட்டாம் படி: ஒரு கடிதத்தில் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள்

கோத்தகிரிக்கு அருகில் மூன்று அறைகள் கொண்ட விடுதி நடத்தும் ஒருவர், ஏற்கெனவே கடன் தந்துள்ள வங்கியின் மேலாளருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்ல வேண்டியவை: விடுதியை ஐந்து அறைகளாக்க வேண்டும், வாகனம் வந்து திரும்பப் பாதையை அகலமாக்க வேண்டும், கடன் தொகையைக் கூட்டித் தர வேண்டும், திருப்பிச் செலுத்த இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வேண்டும். தமிழில் இந்நான்கையும் விரிவாக்கம் என்ற தலைப்பின் கீழ் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் நான்கு வினைகள் தேவை.

‘வீ ரன் எ ஹோம்ஸ்டே வித் த்ரீ ரூம்ஸ் நியர் கோத்தகிரி. வீ வுட் லைக் டு எக்ஸ்பேண்ட் இட் டு ஃபைவ் ரூம்ஸ். வீ ஆல்சோ நீட் டு வைடன் தி அப்ரோச் ரோடு. வீ ரிக்வெஸ்ட் யூ டு இன்க்ரீஸ் தி லோன் அமவுண்ட் அண்ட் டு எக்ஸ்டெண்ட் தி ரீபேமென்ட் பீரியட் பை டூ இயர்ஸ்.’

தொழிலுக்கு ‘எக்ஸ்பேண்ட்’, பாதைக்கு ‘வைடன்’, தொகைக்கு ‘இன்க்ரீஸ்’, காலத்துக்கு ‘எக்ஸ்டெண்ட்’. அறைகளின் முடிவான எண்ணிக்கைக்கு ‘டு’ வந்திருப்பதையும், கூடுதல் ஆண்டுகளுக்கு ‘பை’ வந்திருப்பதையும் கவனியுங்கள். காலக்கெடு முடியும் தேதியைக் குறிப்பிட்டுக் கேட்பதானால் அங்கேயும் ‘டு’ அல்லது ‘அன்டில்’ வரும். கடிதத்தின் ஈற்றில், மேலும் விவரம் தேவைப்பட்டால் தருகிறோம் என்று எழுதும் வழக்கம் உண்டு. அதற்கு ‘வீ வில் பி ஹேப்பி டு எக்ஸ்பேண்ட் ஆன் எனி ஆஃப் தீஸ் பாயிண்ட்ஸ்’ என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுதிவிட்டு, மேலாளர் கூப்பிட்டுக் கேட்டால் காட்டுவதற்கு அறைகளின் வரைபடத்தையும் செலவு மதிப்பீட்டையும் தயாராக வைத்திருங்கள்.